நாவலுக்கு ஒரு நேரம்: நான்கு நோட்டுகளை முன்வைத்து



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் பெருமைகளைப் பேசுவது வழக்கம். அண்ணனைப் பற்றி அப்படிப் பேச நிறையவே இருக்கிறது. சென்ற ஆண்டு பேசினோம். இந்த ஆண்டு வேறொன்றைப் பேச வேண்டியிருக்கிறது. அதற்குக் காரணம் அண்ணி எங்களிடம் ஒப்படைத்த ஒரு பை.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது கிடைத்ததாகச் சொல்லியனுப்பினார். நடத்துநர்கள் தோளில் மாட்டும் பழைய தோல்பைதான். உள்ளே நான்கு நீள நோட்டுகள். ஒவ்வொன்றும் 192 பக்கம். மூன்று நோட்டுகள் கடைசிப் பக்கம்வரை எழுதப்பட்டவை. நான்காவதில் 37 பக்கங்கள். கூடவே டிக்கெட் கட்டுகளின் பின்னட்டைகள், ரப்பர் பேண்டு போட்ட ஒரு கற்றை. அவற்றிலும் பொடிப்பொடியாக எழுத்து.

அண்ணன் நாவல் எழுதுகிறார் என்பது எங்களில் சிலருக்குத் தெரியும். "முடிச்சிட்டீங்களாண்ணே?" என்று கேட்போம். "ஓடிக்கிட்டிருக்கு" என்பார். பஸ்ஸைச் சொல்கிறாரா நாவலைச் சொல்கிறாரா என்று பிடிபடாதபடி ஒரு சிரிப்பு. 613 பக்கம் ஓடியிருக்கிறது என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. பக்கத்துக்குச் சராசரி 110 சொற்கள் என்று எண்ணிப் பார்த்தோம். ஏறக்குறைய 67,000 சொற்கள். அச்சிட்டால் 270 பக்கத்துக்குக் குறையாது. கதை முடியவில்லை.

ஒரு கிராமத்துக்கு முதன்முதலாகப் பஸ் வருகிறது. ஊர்த்தெரு ஆலமரத்தடியில் நின்று திரும்பிவிடுகிறது. சேரி சனங்கள் வாய்க்கால் தாண்டி நடந்துவந்து ஏற வேண்டும். ஏறிய பிறகு இருக்கை காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. யாரும் உட்காரச் சொல்லவுமில்லை. பஸ் சேரி வரைக்கும் வரவேண்டும் என்று கேட்கத் தொடங்கும் மூன்று தலைமுறையின் கதை அது. நாவலின் தரத்தைப் பற்றி இங்கே தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. அச்சில் வரட்டும், வாசகர்கள் சொல்லட்டும். இந்த நாவல் நாளுக்கு நாள் எப்படி எழுதப்பட்டது, எங்கே நின்றது, ஏன் நின்றது என்பதைத்தான் பேசப்போகிறோம். இங்கே உட்கார்ந்திருக்கும் மாணவர்களில் நான்கைந்து பேராவது நாவல் எழுதத் தொடங்கி, நாற்பதாம் பக்கத்தில் நிறுத்திவைத்திருப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். உங்களுக்குத்தான் இந்தப் பேச்சு.

அண்ணனிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு நாளும் எழுதத் தொடங்கும் இடத்தில் இடது ஓரத்தில் தேதியும் இடமும் குறித்துவிடுவார். டிரிப் ஷீட் எழுதிப் பழகிய கை. "ஹால்ட்", "டிப்போ", "வீடு", சில இடங்களில் "ஆஸ்பத்திரி". இந்தக் குறிப்புகளால்தான் நாவலுக்கு உள்ளே இன்னொரு கதையை எங்களால் படிக்க முடிந்தது.

முதல் இரண்டு நோட்டுகள், அதாவது 384 பக்கங்கள், 14 மாதத்தில் எழுதப்பட்டவை. அந்தக் காலத்தில் அவருக்கு ஹால்ட் பஸ்ஸில் டூட்டி. கடைசி சிங்கிள் முடிந்து இரவு ஒன்பதே முக்காலுக்குப் பஸ் ஒரு கிராமத்தில் போய் நிற்கும். காலை ஐந்து பத்துக்கு அங்கிருந்து கிளம்பும். ஓட்டுநரும் நடத்துநரும் பஸ்ஸுக்குள்ளேயே படுக்க வேண்டும். அந்த ஊரில் திண்ணை வைத்த வீடுகள் உண்டு. போன முதல் வாரத்திலேயே ஒருவர் வந்து, நடத்துநருக்கு எந்த ஊர், அந்த ஊரில் எந்தத் தெரு என்று விசாரித்துவிட்டுப் போனாராம். அதன்பிறகு ஓட்டுநருக்கு மட்டும் திண்ணை கிடைத்தது. அண்ணனுக்குப் பஸ் கிடைத்தது.

அதைச் சொல்லி அண்ணன் புலம்பி நாங்கள் கேட்டதில்லை. எழுத இடம் கிடைத்த கதையாகத்தான் சொல்வார். பஸ்ஸின் உள்விளக்கைப் போட்டு எழுதினால் "பேட்டரி இறங்கிடும்பா, காலைல தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும்" என்று ஓட்டுநர் சத்தம் போட்டிருக்கிறார். பிறகு ஒரு சார்ஜர் லைட் வாங்கிக்கொண்டார். கடைசி இருக்கை, மடியில் டிக்கெட் பை, பையின் மேல் நோட்டு. பத்து மணியிலிருந்து பதினொன்றுவரை.

அந்த 14 மாதத்தில் 203 தேதிகள் இருக்கின்றன. 384 பக்கத்தை 203 இரவுகளால் வகுத்தால் ஓர் இரவுக்கு இரண்டு பக்கம்கூட வரவில்லை. ஏறத்தாழ 200 சொற்கள். பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் எழுதுவோமே, அதைப்போல் மூன்று கடிதம் அளவுதான். நாவல் என்றவுடன் நம் கண்முன் வருவது, உலகத்தை மறந்து இரவெல்லாம் எழுதிக் குவிக்கும் ஒருவரின் உருவம். சினிமாவில் கவிஞர்களைக் காட்டுவதுபோல. அண்ணனின் நோட்டில் அப்படி ஓர் இரவுகூட இல்லை. அதிகம் எழுதிய இரவில் ஐந்து பக்கம். அதற்கடுத்த மூன்று நாள் ஒன்றுமில்லை. அதைக் கவனியுங்கள். ஒரு நாள் அள்ளியெடுத்தால் மறுநாள் கிணறு ஊற வேண்டியிருக்கிறது.

மூன்றாவது நோட்டு நான்கு ஆண்டுகள் எடுத்திருக்கிறது. அதே மனிதர், அதே கதை, அதே அளவு நோட்டு. என்ன நடந்தது? பகல் டூட்டிக்கு மாற்றலானார் என்பது ஒரு காரணம். அது மட்டும்தான் காரணம் என்று சொல்லி முடித்துக்கொண்டிருக்கலாம். எங்கள் அமைப்பின் மினிட் புத்தகத்தைத் தற்செயலாகப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் இருந்திருந்தால் அப்படித்தான் முடித்திருப்போம்.

நோட்டில் 41 நாள் இடைவெளி. மினிட் புத்தகத்தில் அதே நாட்களில் ஒரு வன்கொடுமை பற்றிய உண்மை அறியும் குழு. அறிக்கை எழுதியவர் அண்ணன். நோட்டில் ஐந்து மாத இடைவெளி. மினிட் புத்தகத்தில் சுடுகாட்டுப் பாதைப் போராட்டம். ஆட்சியருக்கும் வட்டாட்சியருக்கும் போன அத்தனை மனுக்களும் அவர் கையெழுத்து. பிறகு 11 மாதம் ஒரே வெறுமை. அந்த ஆண்டு அவரை நாங்கள் செயலாளராக்கினோம். அந்த மினிட் புத்தகமே அவர் எழுத்துதான். அதே நீலப் பேனா, அதே சாய்ந்த எழுத்து. கண்டன அறிக்கை, துண்டறிக்கை, மலருக்கு முன்னுரை, யார் யாருக்கோ திருத்திக்கொடுத்த கவிதைகள் என்று எங்கள் கோப்புகளிலிருந்து எடுத்து அடுக்கினால் முந்நூறு பக்கத்துக்கு மேல் வருகிறது.

ஆக அண்ணனின் எழுதும் பழக்கம் போகவில்லை. தினமும் எழுதிக்கொண்டுதான் இருந்தார். நாவலுக்கென்று அவர் வைத்திருந்த அந்த ஒரு மணி நேரம் போய்விட்டது. எடுத்துக்கொண்டவர்கள் நாங்கள்.

இதைச் சொல்லும்போது ஒன்றையும் மறைக்க விரும்பவில்லை. அந்த மனுக்களால் சுடுகாட்டுக்குப் பாதை கிடைத்தது. இன்றும் அந்தப் பாதை இருக்கிறது. பிணத்தைத் தூக்கிக்கொண்டு நெல் வயலில் இறங்கி நடக்க வேண்டியதில்லை. நாவலா பாதையா என்று கேட்டால் அண்ணன் பாதை என்றுதான் சொல்லியிருப்பார். ஆனால் அப்படிக் கேட்க வேண்டிய நிலையே வந்திருக்கக்கூடாது. எங்களில் மனு எழுதத் தெரிந்தவர்கள் குறைந்தது ஆறு பேர் இருந்தோம். "அண்ணன் எழுதினா நல்லாருக்கும்" என்று சொல்லிச் சொல்லி அவர் தலையில் கட்டினோம். நம் அமைப்புகளில் இது ஒரு நோய். எழுதத் தெரிந்தவர் என்று ஒருவருக்குப் பெயர் வந்துவிட்டால் பேனர் வாசகம்வரை அவர்தான் எழுத வேண்டும்.

போராட்டக்காரர்கள் நாவல் எழுத முடியாது என்று இதற்குப் பொருளில்லை. யாழ்ப்பாணத்தில் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கத்தில் முன்னின்ற கே. டானியல், 1972இல் 'பஞ்சமர்' நாவலைக் கொண்டுவந்தார். தொடர்ந்து பல நாவல்கள் எழுதினார். 1986இல் தஞ்சாவூரில் காலமாகும்வரை அரசியலையும் விடவில்லை, எழுத்தையும் விடவில்லை. மராத்தியில் அண்ணா பாவ் சாத்தே பள்ளிக்கூடத்தில் காலூன்றி நின்ற நாட்களே மிகக் குறைவு. பம்பாய்க்குப் பிழைக்கப் போனவர். தொழிலாளர் இயக்கத்தின் கலைக்குழுவில் பாட்டுக் கட்டிப் பாடியவர். காட்கோபரின் குடிசைப் பகுதியில் வாழ்ந்துகொண்டு முப்பதுக்கும் மேற்பட்ட நாவல்களை எழுதினார். 1959இல் வந்த 'ஃபகீரா'வை அம்பேத்கருக்குக் காணிக்கையாக்கினார். அவர் இறந்த 1969இல் வயது ஐம்பதுகூட ஆகவில்லை. இவர்களுக்கெல்லாம் நேரம் எங்கிருந்து வந்தது என்று வியப்பதோடு நாம் நிறுத்திவிடுகிறோம். வியப்பு ஒரு வசதி. அடுத்த கேள்வியைக் கேட்கவிடாது.

அடுத்த கேள்வியைத் தமிழிலேயே கேட்டுப் பார்க்கலாம். 1989இல் 'பழையன கழிதலும்' எழுதிய சிவகாமி இந்திய ஆட்சிப் பணியில் இருந்தவர். 1994இல் 'கோவேறு கழுதைகள்' எழுதிய இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். (அவர் தலித் எழுத்தாளர் என்ற அடைமொழியை ஏற்பவரல்லர். அது வேறு விவாதம்.) 'தூர்வை', 'கூகை', 'சூல்' எழுதிய சோ. தர்மன் பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்தவர். பூமணி கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்தவர். 'சிலுவைராஜ் சரித்திரம்' எழுதிய ராஜ் கௌதமன் கல்லூரிப் பேராசிரியராக இருந்தவர். அழகிய பெரியவனும் ஆசிரியர்தான். இந்தப் பட்டியலில் நாங்கள் பார்ப்பது சம்பளத்தை மட்டுமல்ல, கடிகாரத்தையும். ஷிப்ட் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று தெரிந்த வாழ்க்கை. தெரிந்தால்தான் அதற்கு முன்னாலோ பின்னாலோ ஒரு மணி நேரத்தை ஒதுக்க முடியும். நடவுக்குக் கூப்பிட்டால் போக வேண்டிய, நாற்றில்லை என்றால் திரும்ப வேண்டிய கூலிக்காரருக்கு நாளை காலை எங்கே இருப்போம் என்பதே தெரியாது. நம்மிடமிருந்து கவிதையும் சிறுகதையும் வந்த அளவுக்கு நாவல் வராததற்கு வடிவச் சிக்கல், அழகியல் சிக்கல் என்றெல்லாம் கட்டுரைகள் எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு கவிதையைப் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எழுதிவிடலாம், நாவலுக்கு இருநூறு முறை திரும்பி வந்து உட்கார வேண்டும் என்ற எளிய காரணத்தையும் அந்தக் கட்டுரைகளோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எழுதும் ஒழுங்குக்கு உலகம் முழுதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுபவர் ஆண்டனி ட்ரோலப் என்ற ஆங்கில நாவலாசிரியர். அஞ்சல் துறை அதிகாரி. 47 நாவல்கள் எழுதியவர். அதிகாலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரில் வைத்து, கால் மணி நேரத்துக்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார். பிறகு உடுத்தி வேலைக்குப் போவார். 1883இல், அவர் இறந்த மறு ஆண்டு, வெளிவந்த தன்வரலாற்றில் இதை அவரே சொல்கிறார். எழுதக் கற்றுக்கொடுப்பவர்கள் எல்லோரும் இந்தக் கணக்கை ஒப்பிப்பார்கள். அதே பகுதியில் இருக்கும் இன்னொரு கணக்கை விட்டுவிடுவார்கள். அவருக்கு முன்னால் எழுந்து, காபி போட்டு, அவரை எழுப்பியவர் ஒரு வயதான குதிரைக்காரர். அந்த வேலைக்காக ஆண்டுக்கு 5 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தாராம். தன் வெற்றிக்கு வேறு எவரையும்விட அந்த மனிதருக்கே அதிகம் கடமைப்பட்டிருப்பதாகவும் ட்ரோலப் எழுதுகிறார். நன்றி சொல்லத் தோன்றியிருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் அவர் பெயரைச் சொல்லவில்லை. ஐந்தரைக்கு எழுதுபவருக்காக ஐந்து மணிக்கு எழுந்தவர் ஒருவர் இருந்தார் என்பதை நம்மைப் போன்றவர்கள் படிக்கும்போதுதான் அந்தப் பக்கம் முழுமையாகிறது. நம் தாத்தாக்கள் எல்லோரும் அந்தக் குதிரைக்காரரின் பக்கத்தில் நின்றவர்கள்.

இந்தக் கேள்வியை அண்ணன் மீதும் திருப்ப வேண்டும். அவர் ஹால்ட் போன இரவுகளில் இரண்டு பிள்ளைகளையும் படுத்த மாமியாரையும் பார்த்துக்கொண்டவர் அண்ணி. "அவரு ஹால்ட் போனா எனக்கு ரெண்டு ஆள் வேல" என்று சொன்னார். நோட்டுகளை நாங்கள் வாசித்துக் காட்டியபோது நடுவில் நிறுத்தி, "இந்தக் கெழவி பேசறதெல்லாம் நான் சொன்னதுதானே" என்றார். அதைக் குறையாகச் சொன்னாரா பெருமையாகச் சொன்னாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. அண்ணன் எங்காவது குறித்திருக்கிறாரா என்று தேடினோம். இல்லை.

நம் பெண்களின் நேரத்தைப் பற்றித் தனியாகவே பேச வேண்டும். டோனி மாரிசன் இரண்டு பையன்களைத் தனியாக வளர்த்துக்கொண்டு, பதிப்பகத்தில் வேலை பார்த்துக்கொண்டு எழுதியவர். பிள்ளைகள் எழுவதற்கு முன் இருக்கும் நேரமே தன் நேரம் என்று கண்டுகொண்டு, விடியும் முன் எழுந்து எழுதினார். முதல் நாவல் 1970இல் வந்தது. வீட்டு வேலைக்காரியின் மகளான ஆக்டேவியா பட்லர், பாத்திரம் கழுவும் வேலை, உருளைக்கிழங்கு வறுவல் ஆலையில் தரம் பார்க்கும் வேலை என்று அலைந்துகொண்டே இரவு இரண்டு மணிக்கு எழுந்து எழுதினார். உந்துதலை நம்பாதே, பழக்கத்தை நம்பு என்ற பொருளில் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். இதைக் கேட்டுவிட்டு நம் தோழி ஒருவர் சொன்னார்: "ரெண்டு மணிக்கு எந்திரிக்கலாம் தோழர். எங்க தெருவுக்குத் தண்ணி வர்றது நாலு மணிக்கு. எந்திரிச்சா அப்புறம் தூங்க முடியாது, எட்டு மணிக்கு வேலைக்குப் போகணும்." அவர் இப்போது குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, போனில் பேசிப் பதிவு செய்கிறார். ஞாயிற்றுக்கிழமை அதைக் கேட்டு எழுதுகிறார். வாரத்துக்கு நான்கைந்து பக்கம். குழாயடியில் பதிந்ததால் பதிவு முழுக்கச் சண்டைச் சத்தம். அந்தச் சண்டைகளும் நாவலுக்குள் வந்துகொண்டிருக்கின்றன.

ஆகவே அதிகாலை சிறந்ததா இரவு சிறந்ததா என்று எங்களிடம் கேட்காதீர்கள். இரண்டு வாரம் உங்கள் நாளைக் குறித்துப் பாருங்கள். யாரும் உங்களைத் தேடாத அரைமணி எங்கே இருக்கிறது? அண்ணனுக்கு அது இரவு பத்து மணிக்கு ஒரு காலிப் பஸ்ஸில் இருந்தது. ஒதுக்கிவைத்தவர்கள் கொடுத்த தனிமைதான். அதைத் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டார். விடுதி மாணவர்களுக்கு இரவு மெஸ் முடிந்து அறைக்குத் திரும்புவதற்கு முன்னால் இருக்கலாம். இடமும் நேரமும் ஒன்றாகச் சேர்ந்திருந்தால் நல்லது. அங்கே போய் உட்கார்ந்தாலே கை நோட்டைத் தேடும். பகல் டூட்டிக்கு மாறியபின் அண்ணன் வீட்டில் எழுத முயன்ற தேதிகளில் பாதிக்கு மேல் நான்கைந்து வரியோடு நின்றுபோனவை.

கணக்கு எளிது. நாளுக்கு 200 சொல், வாரத்துக்கு ஐந்து நாள். வாரம் 1,000. ஓராண்டும் சில வாரங்களும் போனால் 60,000. நடுத்தர அளவு நாவல் அவ்வளவுதான். இதில் முக்கியமானது ஐந்து நாள் என்பது. ஏழு நாளும் எழுதுவேன் என்று சபதம் செய்தவர்கள் ஒரு சாவு, ஒரு காய்ச்சல், ஒரு மறியலில் அறுந்துபோவார்கள். அறுந்தபின் வரும் குற்றவுணர்ச்சி நோட்டைத் திறக்கவிடாது. அண்ணனின் 41 நாள் இடைவெளிக்குப் பிறகு வரும் பக்கத்தைப் பாருங்கள். விட்டதைப் பிடிக்கும் அவசரம் இல்லை. ஏழே வரி. ஒரு கன்றுக்குட்டியைப் பற்றி. கதைக்குத் தேவையே இல்லாத கன்றுக்குட்டி. மறுநாள் ஒரு பக்கம். அதற்கு மறுநாள் இரண்டு. இஞ்சின் சூடேறுவதற்கு விட்டிருக்கிறார்.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். அன்றைக்கு எழுதி முடிக்கும்போது வாக்கியத்தை முடிக்க மாட்டார். பாதியில் விட்டுவிட்டு, கீழே டிக்கெட் அட்டையில் அடுத்து என்ன என்று ஒரு வரி குறித்துக்கொள்வார். "கெழவி கூடையை இறக்கல." "டிரைவர் பார்க்காத மாதிரி." அட்டைக் கற்றை முழுக்க இதுதான். அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருக்கும்போதே நிறுத்துவது நல்லது என்று ஹெமிங்வேயும் சொல்லியிருக்கிறார். அண்ணன் அதைப் படித்திருப்பாரா என்பது சந்தேகம். அடுத்த சிங்கிளுக்கு டிக்கெட் கட்டைத் தயாராக எடுத்துவைக்கும் பழக்கம்தான் அவரிடம் வேலை செய்திருக்க வேண்டும்.

எழுதியதைத் திரும்பப் படித்துத் திருத்திக்கொண்டே இருக்கும் பழக்கம் பெரிய பள்ளம். நம் பிள்ளைகள் அதில்தான் அதிகம் விழுகிறார்கள். அதற்குக் காரணம் நம் பள்ளிக்கூடம். நாம் எழுதிய முதல் வாக்கியத்தைச் சிவப்பு மையால் அடித்துக் கொடுத்தவர்கள் இன்னும் நம் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறார்கள். 'ற'வா 'ர'வா, 'ன'வா 'ண'வா என்று பேனா நிற்கும். வீட்டுப் பேச்சை எழுதினால் கொச்சை என்பார்களே என்று தோன்றும். முதல் தலைமுறையாக எழுதுகிறவருக்கு, நாற்பதாம் பக்கத்தில் கதை தீர்ந்துபோய்விடுவதில்லை. தைரியம் தீர்ந்துபோகிறது.

முதல் நோட்டின் முதல் முப்பது பக்கங்களை அண்ணன் மேடைத் தமிழில் எழுதியிருக்கிறார். கதிரவன் எழுகிறான், தென்றல் தவழ்கிறது. நாங்களே படிக்க முடியாமல் நெளிந்தோம். பத்தொன்பதாவது எழுத்து நாளில், 31ஆம் பக்கத்தில், பஸ்ஸில் ஏற முடியாத ஒரு கிழவி வாயைத் திறக்கிறாள். அவள் பேச்சை அவள் பேசுவதுபோலவே எழுதுகிறார். மறுநாள் அவளைப் பற்றிச் சொல்லும் வரிகளும் அவள் பேச்சுக்குப் பக்கத்தில் வந்துவிடுகின்றன. ஒரு வாரத்தில் கதிரவன் போய்ப் பொழுது வந்துவிடுகிறது. பிறகு அந்தப் பழைய தமிழ் திரும்பவே இல்லை. இது யோசித்துச் செய்த மாற்றமாகத் தெரியவில்லை. நாள்தோறும் எழுதியதில் வேடம் களைத்துப்போய்க் கழன்றுவிட்டது. 1992இல் பாமாவின் 'கருக்கு' கதை சொல்லும் நடையையே பேச்சுமொழியில் வைத்தபோது எத்தனை பேருக்குக் கதவு திறந்தது என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் கதவு திறந்திருக்கிறது என்று தெரிவது வேறு, கை துணிவது வேறு. அண்ணனின் கைக்குப் பத்தொன்பது நாள் பிடித்தது. முதல் முப்பது பக்கத்தை அவர் அடிக்கவில்லை, கிழிக்கவில்லை, திரும்பிப் போய்த் திருத்தவும் இல்லை. மேல் ஓரத்தில் "பிறகு" என்று எழுதிவைத்திருக்கிறார். திருத்தியிருந்தால் 31ஆம் பக்கம் வந்திருக்காது என்றே நினைக்கிறோம்.

முடியாத எழுத்து நமக்குப் புதிதல்ல. அம்பேத்கர் பல கைப்பிரதிகளை முடிக்காமல் விட்டுச்சென்றார். தன் வாழ்வின் தீண்டாமை அனுபவங்களை அவர் எழுதிய 'விசாவுக்காகக் காத்திருத்தல்' சில நிகழ்ச்சிகளோடு நின்றுபோனது. 1990இல்தான் தனி நூலாக வந்தது. 'புத்தரும் அவர் தம்மமும்' நூலை முடித்தார், ஆனால் அச்சில் பார்க்கவில்லை. 1956 டிசம்பர் 5 இரவு அதன் முன்னுரையைத்தான் எடுத்துவைக்கச் சொன்னார். அரசமைப்பும் நாடாளுமன்றமும் வழக்கும் மாநாடும் போக மிச்சமிருந்த இரவுகளில் எழுதியவர் அவர். அவருடைய தியாகத்தைப் போற்றத் தெரிந்த நமக்கு, அந்த இரவுகளில் யாராவது அவருடைய வேறு வேலைகளை வாங்கிக்கொண்டிருக்கலாமே என்று கேட்கத் தோன்றுவதில்லை.

எங்கள் அமைப்பில் இந்த ஆண்டு மூன்று காரியங்கள் செய்திருக்கிறோம். மனு எழுதவும் உண்மை அறியும் அறிக்கை எழுதவும் எட்டு பேருக்குப் பயிற்சி கொடுத்தோம். எட்டு பேரும் கல்லூரிப் பிள்ளைகள். முதல் மனுவில் வட்டாட்சியருக்கு "அன்புள்ள" என்று தொடங்கியிருந்தார்கள், பரவாயில்லை. மினிட் புத்தகம் மாதத்துக்கு ஒருவர் கை மாறுகிறது. நாவல் எழுதிக்கொண்டிருக்கும் இரண்டு பேருக்கு முதல் வரைவு முடியும்வரை எந்தப் பொறுப்பும் இல்லை. அவர்கள் சொன்ன நேரத்தில், செவ்வாயும் வியாழனும் இரவு ஒன்பதிலிருந்து பத்துவரை, யாரும் அவர்களைப் போனில் கூப்பிடக்கூடாது என்பது முடிவு. இதுவரை இரண்டு முறை மீறியிருக்கிறோம். ஒருமுறை தோழர்கள் கைதான இரவு. மறுமுறை பேனரில் ஒற்று மிகுமா மிகாதா என்று கேட்பதற்காக.

பொறுப்பு விலக்கை ஒரு தோழர் கூட்டத்தில் எதிர்த்தார் என்பதையும் பதிவு செய்ய வேண்டும். "எழுதறவங்களுக்குச் சலுகையா? அப்ப போஸ்டர் ஒட்டறவன் எப்ப எழுதறது?" என்று கேட்டார். அவருக்குச் சரியான பதில் எங்களிடம் இல்லை. அவரும் எழுத விரும்பினால் அவருடைய போஸ்டரை நாங்கள் ஒட்டுகிறோம் என்று சொன்னோம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

நான்கு நோட்டுகளையும் நகல் எடுத்து மண்டபத்தின் பின்பக்க மேசையில் வைத்திருக்கிறோம். தட்டச்சு முதல் நோட்டோடு நிற்கிறது. சாய்ந்த கையெழுத்தைப் படிக்கப் பழக்கமுள்ளவர்கள் பெயரைக் கொடுத்துவிட்டுப் போகலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் உட்காருகிறோம். நான்காவது நோட்டில் பல பக்கங்கள் மழையில் நனைந்து மை பரவியிருக்கின்றன. கடைசி வாக்கியமும் பாதியில்தான் நிற்கிறது. அதற்குரிய டிக்கெட் அட்டை கற்றையில் இருக்கிறதா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். மை பரவிய இடங்களை அண்ணி உடன் இருந்து வாசித்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். பத்து மணிக்கு மேல்தான் வர முடியும் என்றார், தண்ணீர் பிடித்து முடித்த பிறகு.